விண்டோஸை மறுபடி நிறுவிய பின் திறக்க மறுக்கும் கோப்புகள்: தொலைந்த சாவியைத் தேடும் முறை

கணினி மெதுவாகிவிட்டது என்றோ வைரஸ் புகுந்துவிட்டது என்றோ சி டிரைவை ஃபார்மேட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டவர்களில் சிலர், டி டிரைவில் பத்திரமாக இருப்பதாக நம்பிய கோப்புகளைத் திறக்கப் போகும்போது 'ஆக்சஸ் இஸ் டினைடு' என்ற ஒற்றை வரியைப் பார்த்துத் திகைக்கிறார்கள். கோப்பின் பெயர் தெரிகிறது, அளவு தெரிகிறது, தேதிகூட மாறவில்லை. பழைய பயனர் பெயரையே மீண்டும் வைத்து, பழைய கடவுச்சொல்லையே கொடுத்து நுழைந்தாலும் கோப்பு திறப்பதில்லை. விண்டோஸ் 2000 முதல் விண்டோஸுடன் வரும், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றிவைக்கும் இஎஃப்எஸ் என்னும் கோப்புக் குறியாக்க வசதி எப்போதோ இயக்கப்பட்டிருந்ததன் விளைவு இது. அந்தக் கோப்புகளை மீட்க முடியுமா, முடியுமானால் எந்த வரிசையில் முயல வேண்டும் என்பதை, இதற்கு முன் இந்தச் சிக்கலைப் பார்த்திராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மீட்க வேண்டியது கோப்புகளை அல்ல, சாவியை. கோப்புகள் டி டிரைவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவிதான் நீங்கள் ஃபார்மேட் செய்த சி டிரைவில் இருந்தது. இதை மறந்துவிட்டு டி டிரைவில் உள்ள கோப்புகளோடு மல்லுக்கட்டுவதில்தான் பெரும்பாலானோர் நாட்களை வீணாக்குகிறார்கள்.

முதல் வேலை: கணினியை அணைத்துவிடுங்கள்

சாவி அழிந்துபோன இடத்தின்மேல் புதிய விண்டோஸ் ஒவ்வொரு நிமிடமும் எதையாவது எழுதிக்கொண்டிருக்கிறது. புதுப்பிப்புகள் இறங்குகின்றன, உலாவி தற்காலிகக் கோப்புகளைச் சேமிக்கிறது, நீங்கள் தேடிப் பதிவிறக்கும் 'மீட்பு மென்பொருள்'கூட அதே சி டிரைவில்தான் போய் உட்கார்கிறது. ஆகவே சிக்கல் தெரிந்தவுடன் அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, மற்ற வேலைகளை வேறொரு கணினியிலிருந்து செய்யுங்கள். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாவது வட்டாக இணைக்க முடிந்தால், அல்லது பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு கணினியைத் தொடங்க முடிந்தால், முழு வட்டையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிம்பமாக நகலெடுத்துக்கொள்வது மிகச் சிறந்தது. அதன் பிறகு எல்லாச் சோதனைகளையும் அந்தப் பிம்பத்தின்மேலேயே நடத்தலாம். தவறு செய்தாலும் மூலம் அப்படியே இருக்கும்.

வட்டு எத்தகையது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சுழலும் தட்டுகள் கொண்ட பழைய ஹார்ட் டிஸ்கில் 'குவிக் ஃபார்மேட்' மட்டும் செய்திருந்தால், பழைய தரவின் பெரும்பகுதி மேலெழுதப்படாமல் கிடக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து தொடங்கி, முழு ஃபார்மேட் என்பது வட்டின் ஒவ்வொரு பகுதியிலும் சுழியத்தை எழுதிவிடுவதால், அதைச் செய்திருந்தால் அந்த இடத்தில் தேடிப் பயனில்லை. சுழலும் தட்டுகள் இல்லாத எஸ்எஸ்டி வட்டாக இருந்தால், பழைய தரவு அழிந்துபோகக் குவிக் ஃபார்மேட்டே போதும்: இந்தப் பகுதிகள் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் வட்டுக்குச் சொல்லிவிடும் 'டிரிம்' என்னும் ஏற்பாட்டால், வட்டு அவற்றைத் தானே துடைத்துவிடுகிறது. எஸ்எஸ்டி உள்ளவர்கள் அழிந்த கோப்புகளை மீட்கும் முயற்சியில் பணத்தைச் செலவிடுவதற்கு முன், சாவியின் வேறு நகல்கள் எங்காவது இருக்கின்றனவா என்று தேடுவதில் நேரத்தைச் செலவிடுவதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இது எந்தப் பூட்டு?

'அனுமதி இல்லை' என்ற அதே செய்தி வெவ்வேறு காரணங்களுக்காக வரும். பழைய விண்டோஸில் இருந்த பயனருக்கு மட்டும் அனுமதி இருந்த, குறியாக்கம் செய்யப்படாத சாதாரணக் கோப்புறையும் புதிய விண்டோஸில் அதே முகத்தைக் காட்டும். அப்படிப்பட்டதை, பண்புகள் சாளரத்தின் 'செக்யூரிட்டி' பகுதியில் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினாலே திறந்துவிடலாம். குறியாக்கப்பட்ட கோப்பை அடையாளம் காண, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கோப்பின் சின்னத்தின்மேல் சிறிய பூட்டு தெரிகிறதா என்று பாருங்கள். முந்தைய பதிப்புகளில் பெயர் பச்சை நிறத்தில் தெரியும். கோப்பின் பண்புகளில் 'அட்வான்ஸ்ட்' பொத்தானை அழுத்தினால் 'என்கிரிப்ட் கன்டென்ட்ஸ் டு செக்யூர் டேட்டா' என்ற கட்டம் குறியிடப்பட்டிருக்கும்.

கோப்புகள் தனித்தனியாக அல்லாமல் முழு டிரைவுமே பூட்டப்பட்டு, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால் அது பிட்லாக்கர் என்னும் வேறொரு விண்டோஸ் குறியாக்க வசதி. அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ, அச்சிட்ட தாளிலோ, அலுவலகக் கணினியானால் அதன் நிர்வாகியிடமோ இருக்கக்கூடும். கிடைத்தால் வேலை அத்தோடு முடிந்தது. கோப்பின் பெயரோடு புதிய பின்னொட்டு ஒன்று சேர்ந்து, பணம் கேட்கும் குறிப்பும் உடன் கிடந்தால் அது பணயத் தாக்குதல். இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் அதற்கு உதவாது.

சாவி எங்கே இருந்தது?

இந்த வழிமுறையைப் புரிந்துகொண்டால் பின்வரும் தேடல் முழுவதும் எளிதாகிவிடும். ஒரு கோப்பைக் குறியாக்கம் செய்யும்போது விண்டோஸ் அந்தக் கோப்புக்கென்று ஒரு தற்போக்குச் சாவியை உருவாக்கி, விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து 256 பிட் ஏஇஎஸ் முறையில், கோப்பின் உள்ளடக்கத்தை மறைக்கிறது. உங்கள் கணக்குக்கென்று இணையான இரண்டு சாவிகள் உண்டு: பூட்ட மட்டும் பயன்படுவது பொதுச் சாவி, திறக்கப் பயன்படுவது தனிச் சாவி. விண்டோஸ் அந்தச் சிறு சாவியையே உங்கள் பொதுச் சாவியால் பூட்டி, கோப்போடு ஒட்டிய ஒரு மறைவான பகுதியில் வைத்துவிடுகிறது. அதைத் திறக்க உங்கள் தனிச் சாவி வேண்டும். தனிச் சாவியோ சி டிரைவில், உங்கள் பயனர் கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'மைக்ரோசாஃப்ட்', 'கிரிப்டோ', 'ஆர்எஸ்ஏ' என்ற வரிசையில் உள்ளே போனால் கிடைக்கும் கோப்புறையில் இருக்கிறது. அந்தத் தனிச் சாவியும் வெறுமனே கிடப்பதில்லை. பக்கத்திலுள்ள 'புரொடெக்ட்' என்னும் கோப்புறையில் இருக்கும் தலைமைச் சாவி அதைப் பூட்டி வைத்திருக்கிறது. தலைமைச் சாவியைத் திறப்பது, உங்கள் கடவுச்சொல்லும் எஸ்ஐடி எனப்படும் உங்கள் கணக்கின் அடையாள எண்ணும் சேர்ந்து உண்டாக்கும் மற்றொரு சாவி.

பூட்டுக்குள் பூட்டாக அமைந்த இந்த ஏற்பாட்டில் கடைசிப் பூட்டின் சாவி நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் என்பதால், குறியாக்கம் செய்தவருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. கோப்புகள் எப்போதும்போல் திறந்தன, மூடின. புதிதாக நிறுவிய விண்டோஸில் அதே பெயரில் கணக்குத் தொடங்கினாலும் எஸ்ஐடி வேறு, தலைமைச் சாவி வேறு, தனிச் சாவி வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் விண்டோஸ் உங்களைப் பழைய ஆளாக ஏற்றுக்கொள்ளாது.

ஆகவே உங்களுக்கு வேண்டியவை நான்கு: பழைய சான்றிதழ் (உங்கள் பொதுச் சாவியைத் தாங்கிய கோப்பு), பழைய தனிச் சாவிக் கோப்பு, பழைய தலைமைச் சாவிக் கோப்பு, பழைய கடவுச்சொல். இல்லையேல், சான்றிதழையும் தனிச் சாவியையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால் இவை அனைத்தின் வேலையையும் தனியே செய்யும் பிஎஃப்எக்ஸ் கோப்பு ஒன்று. உரிமையை மாற்றுவது, கோப்பின் பெயரை மாற்றுவது, லினக்ஸில் வட்டை இணைத்துப் பார்ப்பது ஆகிய எதுவும் ஏஇஎஸ் மறைப்பை நீக்காது. லினக்ஸில் சாதாரணமாக நகலெடுத்துவிட்டு மூலத்தை அழித்தால் கேடும் விளையும். பூட்டிய சிறு சாவி இருக்கும் அந்த மறைவான பகுதி நகலோடு வராது.

எந்தச் சாவியைத் தேடுகிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளுதல்

தேடத் தொடங்கும் முன், பூட்டிய கோப்பு எந்தச் சான்றிதழால் பூட்டப்பட்டது என்பதை அறிய வேண்டும். பிம்பத்தை அல்லது வட்டை இணைத்த கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'சைஃபர்' என்னும் கட்டளைக்குப் பின் சாய்கோட்டையும் ஆங்கில 'சி' எழுத்தையும் இட்டு, கோப்பின் முழு முகவரியைக் கொடுங்கள். அந்தக் கோப்பைத் திறக்க உரிமை பெற்ற பயனரின் பெயரும், 'தம்ப்பிரின்ட்' என்ற தலைப்பில் 40 இடங்கள் கொண்ட எழுத்தெண் கோவையும் வரும். 'கீ இன்ஃபர்மேஷன் கேனாட் பி ரிட்ரீவ்டு' என்று கீழே எழுதியிருந்தால் கலங்க வேண்டாம். உங்களிடம் இப்போது சாவி இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த 40 இட எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 'ரிகவரி சர்ட்டிஃபிகேட்' என்ற தலைப்பின்கீழ் வேறொரு பெயர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்; அது மீட்பு முகவர் எனப்படும் இரண்டாவது ஆளின் சாவி.

தேடும் வரிசை

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். விஸ்டாவிலிருந்து, முதன்முறை குறியாக்கம் செய்தபோதே உங்கள் சாவியை நகலெடுத்து வைக்கச் சொல்லி ஓர் அறிவிப்பு வந்திருக்கும். நம்மில் பலர் அதைப் படிக்காமல் மூடியிருப்போம். சிலர் அது சொன்னபடி செய்துவிட்டு மறந்திருப்பார்கள். வீட்டிலுள்ள எல்லாப் பென் டிரைவ்களிலும், பழைய குறுந்தகடுகளிலும், மின்னஞ்சல் இணைப்புகளிலும் பிஎஃப்எக்ஸ் என்ற பின்னொட்டுள்ள கோப்பைத் தேடுங்கள். சிஇஆர் என்ற பின்னொட்டுள்ளது கிடைத்து மகிழ்ச்சி அடைந்துவிட வேண்டாம். அதில் பொதுச் சாவி மட்டுமே உண்டு, அதைக் கொண்டு பூட்டலாமே தவிரத் திறக்க முடியாது.

கணினி அலுவலகத்தினுடையதாகவும், கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் என்னும் ஏற்பாட்டில் இணைந்ததாகவும் இருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் கணினி நிர்வாகியிடம் கேளுங்கள். டொமைன்களில் மீட்பு முகவரை வைப்பது வழக்கம், அவருடைய சாவி உங்கள் கோப்பையும் திறக்கும். அந்த முகவரின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று நிர்வாகி கைவிரித்தால், தனிச் சாவி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். காலாவதியான சான்றிதழால் புதிதாகப் பூட்டத்தான் முடியாது, பழையதைத் திறக்கலாம். தனியாக இயங்கும் வீட்டுக் கணினிகளைப் பொறுத்தவரை, விண்டோஸ் 2000இல் மட்டும் உள்ளூர் நிர்வாகிக் கணக்கு தானாகவே மீட்பு முகவராக இருந்தது; எக்ஸ்பியிலிருந்து அப்படி எவரும் இல்லை.

மூன்றாவதாக, பழைய சி டிரைவின் நகல். ஃபார்மேட் செய்யாமல் பழையதன்மேலேயே விண்டோஸை நிறுவியிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற பெயரில் பழைய கோப்புறைகள் முழுவதும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். இதில் காலக்கெடு உண்டு: விண்டோஸ் 10, 11 ஆகியவை இதை ஏறத்தாழ 10 நாட்களில் தாமாகவே அழித்துவிடும். எனவே அதற்குள் 'யூசர்ஸ்' கோப்புறையில் உங்கள் பழைய பயனர் பெயருக்குள் 'ஆப்டேட்டா', 'ரோமிங்' என்ற வரிசையில் போனால் இருக்கும் 'மைக்ரோசாஃப்ட்' கோப்புறை முழுவதையும், மறைந்த கோப்புகளும் கணினிக் கோப்புகளும் விடுபடாமல், வெளி வட்டுக்கு நகலெடுங்கள். தலைமைச் சாவிக் கோப்புகள் இரட்டையாக மறைக்கப்பட்டவை; எக்ஸ்புளோரரின் அமைப்பில் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதை நீக்காவிட்டால் கண்ணில் படமாட்டா.

கணினியின் முழுப் பிம்ப நகல் எப்போதாவது எடுத்திருந்தால் அதுவும் இதே அளவுக்கு நல்லது. இங்கே எளிதில் மறந்துபோகும் ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் எல்லாம் போய்விட்டது என்று சொல்லி அரை மணி நேரம் புலம்பிய பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எஸ்எஸ்டிக்கு மாறியபோது கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் மேசை இழுப்பறையில் கிடப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதில் பழைய விண்டோஸ் அப்படியே இருந்தது, அவருடைய தனிச் சாவியும் அதிலேயே இருந்தது. குறியாக்கம் செய்தது வட்டை மாற்றியதற்கு முந்தையதாக இருந்தால், அந்தப் பழைய வட்டு உங்களுக்குத் தங்கம். அதிலிருந்து கணினியைத் தொடங்க முடிந்தால் இன்னும் நல்லது: அந்தக் காலத்துக் கடவுச்சொல்லோடு நுழைந்து சாவியை முறைப்படி பிஎஃப்எக்ஸாக ஏற்றுமதி செய்துவிடலாம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்பதற்காக, யாரேனும் ஒரு கருவியைக் கொண்டு அதை மாற்றிக் கொடுக்க முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எக்ஸ்பியிலிருந்து, வெளியிலிருந்து மாற்றப்பட்ட கடவுச்சொல் தலைமைச் சாவியைத் திறக்காது. ஏற்கெனவே மாற்றிவிட்டார்களானால், பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்தவுடன் அதையே மறுபடி வைத்தால் திறக்கும்.

இவை எதுவும் இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது, ஃபார்மேட் செய்த பகுதியிலிருந்து அழிந்த கோப்புகளை மீட்பது. டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவசக் கருவியால் பழைய கோப்புறை அமைப்பைக் காண முடிகிறதா என்று பிம்பத்தின்மேல் முயலுங்கள். கோப்புகளின் பெயரோடு மீட்கும் முறையே வேண்டும், ஏனென்றால் நாம் தேடுபவற்றுக்குப் பின்னொட்டும் கிடையாது, பார்த்தவுடன் அடையாளம் காணும் உள்ளடக்கமும் கிடையாது. பெயர்தான் துப்பு: 'சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸ்' கோப்புறையில் இருக்கும் சான்றிதழ்க் கோப்பின் பெயர், நீங்கள் தாளில் எழுதிவைத்த அதே 40 இட எண். அது கண்ணில் பட்டால் சரியான தடத்தில் இருக்கிறீர்கள். தலைமைச் சாவிக் கோப்பு மிகச் சிறியது, பெரும்பாலும் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவு. அதை வைத்திருக்கும் கோப்புறைக்குப் பழைய எஸ்ஐடியே பெயராக இருக்கும். 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் அந்த நீண்ட எண்ணைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் அது வேண்டும். வட்டு முழுவதையும் துண்டு துண்டாகத் துழாவி இஎஃப்எஸ் சாவிகளை மட்டும் தேடும் விலைக்கு விற்கும் மென்பொருள்களும் உள்ளன, எல்காம்சாஃப்ட் நிறுவனத்தினுடையது அவற்றில் ஒன்று. கட்டளைச் சாளரத்தில் பழக்கமில்லாதவர்கள் அதை நாடுவதில் தவறில்லை. ஆனால் சோதனைப் பதிப்பில் உங்கள் சாவி தென்படுகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

துண்டுகளிலிருந்து பிஎஃப்எக்ஸ் உருவாக்குதல்

பிஎஃப்எக்ஸ் ஏற்கெனவே கிடைத்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். சான்றிதழும் சாவிக் கோப்புகளும் தனித்தனியாகக் கிடைத்து, கடவுச்சொல்லும் நினைவில் இருப்பவர்களுக்கு, பிரான்சைச் சேர்ந்த பெஞ்சமின் டெல்பி எழுதிய மிமிகாட்ஸ் என்னும் இலவசக் கருவி உதவும். தாக்குதல்காரர்களும் இதையே பயன்படுத்துவதால் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இதைக் கண்டவுடன் அழித்துவிடும். ஆகவே முக்கியத் தரவு எதுவும் இல்லாத, இணையத்திலிருந்து துண்டித்த கணினி ஒன்றில் இதை இயக்குங்கள்.

வேலையின் போக்கு இது. முதலில் சான்றிதழ்க் கோப்பைக் கருவியிடம் கொடுத்தால், அது பொதுப் பகுதியைத் தனிக் கோப்பாக எழுதித் தந்து, இதற்குரிய தனிச் சாவியின் பெயரையும் சொல்லும். அந்தப் பெயருக்குரிய தனிச் சாவிக் கோப்பைக் கொடுத்தால், அதை எந்தத் தலைமைச் சாவி பூட்டியிருக்கிறது என்று தலைமைச் சாவியின் அடையாள எண்ணைக் காட்டும்; 'புரொடெக்ட்' கோப்புறையில் அதே எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதனுடன் பழைய எஸ்ஐடியையும் பழைய கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுக்க, தலைமைச் சாவி திறந்துகொள்ளும். அதைக் கொண்டு தனிச் சாவியைத் திறந்து, ஓபன்எஸ்எஸ்எல் கருவியால் சான்றிதழையும் தனிச் சாவியையும் ஒரே பிஎஃப்எக்ஸாகக் கட்டிவிடலாம். கடவுச்சொல்லே வைக்காமல் பயன்படுத்தியவர்கள் வெற்றுக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் நான்கு இலக்க 'பின்' (PIN) எண் கடவுச்சொல்லுக்கு ஈடாகாது. இது உள்ளூர்க் கணக்கில் நுழைந்தவர்களுக்கு உரிய வழி. மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தவர்களுக்குப் பாதை இவ்வளவு நேராக இராது.

கடவுச்சொல் அரைகுறையாக நினைவிருந்தால், ஹேஷ்கேட் போன்ற கருவியிடம் உங்கள் பழக்கமான சொற்களையும் எண்களையும் பட்டியலாகக் கொடுத்து முயலலாம். ஒன்றுமே நினைவில்லை, அன்று நீளமான கடவுச்சொல் வைத்திருந்தோம் என்றால் இந்த முயற்சி பெரும்பாலும் காலவிரயம். சாவிக் கோப்புகளே கிடைக்காதபோது ஏஇஎஸ் மறைப்பை நேரடியாக உடைத்துத் தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். 256 பிட் சாவியை யூகித்துக் கண்டுபிடிக்கும் வழி எவரிடமும் இல்லை.

கோப்புகளைத் திறந்து எடுத்தல்

பிஎஃப்எக்ஸ் கோப்பின்மேல் இருமுறை சொடுக்கினால் இறக்குமதி வழிகாட்டி திறக்கும். 'கரன்ட் யூசர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பிஎஃப்எக்ஸுக்குரிய கடவுச்சொல்லைக் கொடுத்து, சாவியைப் பிறகு ஏற்றுமதி செய்ய அனுமதிக்கும் கட்டத்தையும் குறியிடுங்கள். விண்டோஸின் ஹோம் பதிப்பில் இஎஃப்எஸ் முழுமையாக இல்லை. முன்பு ப்ரோ பதிப்பு வைத்திருந்து இப்போது ஹோம் நிறுவியிருந்தால், மீட்பு வேலையை ப்ரோ உள்ள கணினியில் செய்யுங்கள்.

இறக்குமதிக்குப் பிறகும் 'ஆக்சஸ் இஸ் டினைடு' வந்தால் மனம் தளர வேண்டாம். குறியாக்கப் பூட்டு திறந்துவிட்டது, இப்போது தடுப்பது பழைய அனுமதிப் பூட்டு. முன்பு பயனற்றது என்று சொன்ன உரிமை மாற்றம் இப்போதுதான் பயன்படும். ஒரே ஒரு கோப்பை முதலில் திறந்து, உள்ளடக்கம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு, கோப்புறையின் பண்புகளில் குறியாக்கக் கட்டத்தை நீக்கி, உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்துமாறு ஒப்புதல் கொடுங்கள். நூற்றுக்கணக்கான கோப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தால், சைஃபர் கட்டளையோடு சாய்கோடு 'யு', சாய்கோடு 'என்' ஆகியவற்றைச் சேர்த்து இயக்கினால் கணினியிலுள்ள குறியாக்கக் கோப்புகள் அனைத்தின் பட்டியலும் வரும், எதையும் மாற்றாது.

சாவி கிடைக்காமல் போனவர்கள் பூட்டிய கோப்புகளை அழித்துவிட வேண்டாம். ரோபோகாப்பி கட்டளையில் 'இஎஃப்எஸ்ரா' என்ற தெரிவைச் சேர்த்தால், கோப்பு பூட்டிய நிலையிலேயே, ஒட்டிய சாவிப் பகுதியும் சேர்ந்து, என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்த வெளி வட்டுக்குப் போகும். பழைய வட்டு ஒன்று என்றாவது இழுப்பறையில் அகப்படலாம்.

குறியாக்கத்தைத் தொடர்ந்து வைத்திருக்க விரும்புபவர்கள், சைஃபர் கட்டளையோடு சாய்கோடு 'எக்ஸ்' சேர்த்து இயக்கி, நடப்புச் சாவியை பிஎஃப்எக்ஸாக எடுத்து இரண்டு பென் டிரைவ்களில் வையுங்கள். பிறகு அதே கணினியில் சோதனைக்காக ஒரு புதிய பயனர் கணக்கைத் தொடங்கி, அந்தக் கணக்கில் பிஎஃப்எக்ஸை இறக்குமதி செய்து, பூட்டிய கோப்பு ஒன்று அங்கே திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திறந்த பின் அந்தச் சோதனைக் கணக்கை நீக்கிவிடலாம்.